க்ரூஸர் வண்டியில் அளவுக்கு மீறிய அதிர்வு: காரணம் கண்டு குறைக்கும் முறை

ஒற்றை சிலிண்டர் க்ரூஸர் வண்டி ஓரளவு அதிரத்தான் செய்யும். பிஸ்டன் மேலும் கீழும் ஓடி, இரு முனைகளிலும் ஒரு கணம் நின்று திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் பிறக்கும் விசை, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் க்ராங்க் வழியாக என்ஜின் கூட்டுக்கும், அங்கிருந்து சேஸிக்கும், கடைசியில் ஓட்டுபவரின் உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் வந்து சேர்கிறது. 400 கிராம் எடையுள்ள பிஸ்டன் 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் நிமிடத்துக்கு 4,000 சுற்று வேகத்தில் ஓடுவதாகக் கணக்கிட்டால், ஒவ்வொரு திருப்பத்திலும் எழும் விசை ஏறத்தாழ 320 கிலோ எடைக்குச் சமம். க்ராங்கில் வைத்திருக்கும் எதிர் எடை இதில் ஒரு பகுதியை மட்டுமே ஈடுகட்டும். முழுவதையும் ஈடுகட்டும்படி எடையைக் கூட்டினால், மேலும் கீழுமாக இருந்த உதறல் முன்னும் பின்னுமாக மாறிவிடும். அதனால்தான் உதறலுக்கு எதிராகச் சுழன்று அதைத் தணிக்கும் பேலன்ஸர் ஷாஃப்ட் ஒன்று தனியாகத் தேவைப்படுகிறது. ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்ட் 350 வண்டியில் இருந்த பழைய 346 சி.சி. என்ஜினில் அது கிடையாது. 2020 நவம்பரில் மீட்டியோர் 350 வண்டியுடன் அறிமுகமான 349 சி.சி. என்ஜினில் உண்டு. ஆகவே தண்டர்பேர்ட் வைத்திருப்பவர் தம் வண்டியைப் பக்கத்து வீட்டு மீட்டியோருடன் ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் பொருளில்லை. தம் வண்டி ஆறு மாதத்துக்கு முன் எப்படி ஓடியது, இப்போது எப்படி ஓடுகிறது என்ற ஒப்பீடே பயன்தரும்.

அதிர்வு கூடிவிட்டது என்று உறுதியானவுடன் பெரும்பாலானோர் முதலில் வாங்குவது ஜெல் வைத்த கைப்பிடி உறையையோ ஹேண்டில் பாரின் முனையில் மாட்டும் எடையையோதான். இந்த வரிசை தவறானது, சில வேளைகளில் ஆபத்தானதும்கூட. தளர்ந்துபோன என்ஜின் போல்ட்டோ உடைந்த ஸ்போக்கோ தரும் உதறலைக் கைப்பிடியில் மறைத்துவிட்டால், கோளாறு அப்படியே வளர்ந்துகொண்டிருக்கும். ஓட்டுபவருக்கு மட்டும் தெரியாது. எனவே முதல் வேலை, அதிர்வு எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிப்பது. அதற்குப் பணம் செலவாகாது. நல்ல சாலையும் அரைமணி நேரமும் போதும்.

சாலையைத் தேர்வதில் காவிரிப் படுகையில் இருப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். களிமண் நிலம் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும் இயல்புடையது. அதன்மேல் போட்ட தார்ச்சாலை சில ஆண்டுகளிலேயே அலை அலையாக மேடுபள்ளம் கொள்கிறது. புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாயின் கரையிலும் வெண்ணாற்றங்கரையிலும் செல்லும் சாலைகளில் ஓட்டிப் பார்த்து வண்டியைக் குறை சொன்னால், குறை சாலையினுடையதாக இருக்கலாம். ஊருக்குள் போட்டிருக்கும் சிமெண்ட் சாலையின் இணைப்புகளும், சேற்றுழவுக்கான இரும்புக் கேஜ் வீல் பூட்டிய டிராக்டர் ஏறி இறங்கிய தார்ப்பரப்பும் அவ்வாறே ஏமாற்றும். தஞ்சாவூரைச் சுற்றிச் செல்லும் புறவழிச் சாலையிலோ, நாகப்பட்டினம் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 83-இல் சமதளமான ஒரு பகுதியிலோ, போக்குவரத்துக் குறைந்த அதிகாலையில், சாலையில் நெல் காய வைத்திராத நாளாகப் பார்த்துச் சோதனை செய்யுங்கள்.

சோதனை மூன்று படிகள் கொண்டது. எந்த வேகத்தில் அதிர்வு தொல்லை தருகிறதோ அந்த வேகத்துக்கு வண்டியைக் கொண்டுசென்று, பின்னால் எவரும் வரவில்லை என்று உறுதிசெய்த பிறகு, கிளச்சை முழுதாகப் பிடித்து ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். என்ஜின் ஐடிலுக்கு இறங்கும். வண்டி மட்டும் உருண்டுகொண்டிருக்கும். அப்போதும் உதறல் தொடர்ந்தால் காரணம் சக்கரத்திலோ டயரிலோ பேரிங்கிலோ இருக்கிறது. உதறல் சட்டென்று நின்றுவிட்டால், வண்டியை ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஓடும்போது கேட்ட அதே ஓசை வரும் அளவுக்கு என்ஜினை முறுக்கிப் பாருங்கள். பல 350 சி.சி. வண்டிகளில் ஆர்.பி.எம். மீட்டர் இல்லாததால் காதைத்தான் நம்ப வேண்டியிருக்கும். நின்ற இடத்திலும் அதே அதிர்வு வந்தால் என்ஜின், அதைத் தாங்கும் போல்ட்டுகள், அல்லது அதிர்வுக்கு ஒத்து ஆடும் ஏதோ ஒரு உதிரிப் பாகம் என்று கொள்ளலாம். நின்ற இடத்தில் வராமல், கியரில் இழுக்கும்போது மட்டும் வந்தால் செயின், அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், பின்சக்கரத்தின் ஹப் ரப்பர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். என்ஜின் போல்ட் சற்றே தளர்ந்திருந்தாலும் சுமை ஏறும்போது மட்டும் அதிர்வு தோன்றுவது உண்டு. அதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதிர்வின் தன்மையும் ஒரு தடயம். பின் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 20 மீட்டர் செல்வதால், சக்கரம் நொடிக்குப் பத்து முறை சுழல்கிறது. அதே நேரத்தில் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினாலே நொடிக்கு ஐம்பது சுற்று ஆகிறது. ஆகவே சக்கரக் கோளாறு தனித்தனியாக உணரக்கூடிய தடதடப்பாகவும், என்ஜின் அதிர்வு விரல்களை மரத்துப்போகச் செய்யும் நெருக்கமான ரீங்காரமாகவும் இருக்கும். கியரை மாற்றினால் ரீங்காரம் மாறும்; வேகம் மாறாதவரை தடதடப்பு மாறாது. எந்த வேகத்தில், எந்தக் கியரில், கையிலா பாதத்திலா இருக்கையிலா என்று ஒரு தாளில் குறித்து வைத்தால், பட்டறையில் மெக்கானிக்கிடம் விளக்குவதும் எளிது. வேலை முடிந்தபின் மாற்றம் வந்ததா என்று பார்ப்பதும் எளிது.

சக்கரமும் டயரும்

சோதனை சக்கரத்தைக் காட்டினால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வண்டியைக் கழுவுங்கள். டெல்டாவில் இதை நான் முதல் மருத்துவமாகவே சொல்வேன். நடவுக் காலத்தில் வயலிலிருந்து ஏறும் டிராக்டர்கள் சாலை முழுவதும் சேற்றைப் பரப்பிவிட்டுச் செல்கின்றன. அந்தக் களிமண் ரிம்மின் உட்புறத்திலும் அலாய் வீலின் குழிந்த கைகளிலும் ஒட்டிக்கொண்டு, வெயிலில் காய்ந்து கெட்டியாகிவிடுகிறது. ஒரே பக்கத்தில் 50 கிராம் மண் ஒட்டியிருந்தால் போதும், 72 கி.மீ. வேகத்தில் அது 4 கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் சக்கரத்தை ஒவ்வொரு சுற்றிலும் வெளிநோக்கி இழுக்கும். வேகம் கூடினால் அந்த இழுப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. 100 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி சுத்தமாகத் தெரியும். ரிம்மின் உள்வளையத்தில் கைவிட்டுத் தடவிப் பார்த்தால்தான் மண் அகப்படும். அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய வைக்கோல் ஆக்சிலைச் சுற்றிக்கொண்டு பேரிங்கின் சீலைக் கிழித்துவிடும். அதையும் கழுவும்போதே கத்தரித்து எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது காற்று. ஓடிச் சூடேறிய டயரில் அளந்த காற்றழுத்தம் பொய் சொல்லும். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது, சொந்தமாக வைத்திருக்கும் அளவியில் பார்த்து, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் தாளிலோ கையேட்டிலோ உள்ள அளவுக்கு நிரப்புங்கள். பின்னால் ஒருவர் அமர்ந்து செல்வதற்கு வேறு அளவு கொடுத்திருப்பார்கள். காற்று மிகுந்தால் சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பும் முதுகுக்கு வரும். குறைந்தால் டயர் நெளிந்து, ஓரங்களில் தேய்ந்து, பிறகு எவ்வளவு காற்று அடித்தாலும் சீராக உருளாது. ட்ரெட்டின் மீது உள்ளங்கையை ஒரு திசையிலும் எதிர்த்திசையிலும் தடவிப் பார்த்தால், படிக்கட்டுப் போன்ற தேய்மானம் இருந்தால் தட்டுப்படும். அப்படித் தேய்ந்த டயருக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பிறகு சக்கரத்தைத் தூக்கிச் சுழற்ற வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டிக்கு, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டு வாங்கிக்கொள்வது நல்லது. செங்கல்லை அடுக்கித் தூக்குவது வேண்டாம். ஒரு பென்சிலை ஃபோர்க்கில் கட்டி, அதன் முனையை ரிம்முக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுழற்றினால், கோட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பல தயாரிப்பாளர்கள் பக்கவாட்டிலும் உயரத்திலும் 2 மி.மீ. வரை அனுமதிக்கிறார்கள். வெள்ளைக்கோடு போடாத வேகத்தடையிலும் மதகுப் பாலத்தின் விளிம்பிலும் வேகமாக இடித்த வண்டிக்கு இதைவிடக் கூடுதலாகவே கோட்டம் விழுந்திருக்கும். ஸ்போக் வீலாக இருந்தால் ஒவ்வொரு ஸ்போக்கையும் சிறிய ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள். இறுக்கமானது கணீர் என்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். தளர்ந்த ஒன்றை மட்டும் நாமே இறுக்கினால் ரிம் அந்தப் பக்கம் இழுபட்டுக் கோட்டம் கூடிவிடும் என்பதால், கோட்டம் எடுப்பதில் தேர்ந்த கைக்காரரிடம் கொடுப்பதே சரி. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பகுதியில் உப்புக் காற்று ஸ்போக்கின் நிப்பிளைத் துருவேற்றி இறுக்கிப் பிடித்துவிடும். அங்கு கோட்டம் எடுக்கும்போது ஸ்போக் முறிவது உண்டு. கடலோரத்தில் வசிப்பவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, நிப்பிள்களில் ஒரு துளி எண்ணெய் விட்டுவந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். அலாய் வீல் வளைந்தால் சூடுகாட்டி நிமிர்த்தித் தருவதாகச் சொல்வார்கள். விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கக்கூடும் என்பதால் முன் சக்கரத்தைப் பொறுத்தவரை நான் அதற்கு உடன்படமாட்டேன், மாற்றிவிடுங்கள்.

டயர் மாற்றியபின் அதிர்வு தொடங்கியிருந்தால் இரண்டு காரணங்கள் முன்னிற்கும். டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி வளையமாக ஒரு கோடு இருக்கும். அது சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே அமிழ்ந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி நிரப்ப வேண்டும். இன்னொன்று, பேலன்ஸ் பார்க்காமல் மாட்டியது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலின் இரு முனைகளையும் சமமான இரண்டு தாங்கிகளில் வைத்து, தடையின்றிச் சுழல விடுங்கள். கனமான பகுதி எப்போதும் அடியில் வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே ஒட்டும் எடையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, எங்கே விட்டாலும் நிற்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கழற்றிய நேரத்திலேயே பேரிங்கின் உள்வளையத்தை விரலால் சுழற்றிப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் பேரிங்கையும் மாற்றிவிடலாம்.

முன் சக்கரத்தின் உதறல் ஹேண்டில் பாரைப் பக்கவாட்டில் ஆட்டினால், ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங்கான கோன் செட்டையும் பாருங்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் டக் என்ற ஆட்டம் தட்டுப்படக்கூடாது. ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் பிடித்துக்கொள்ளவும் கூடாது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் வரும் உதறல் டிஸ்க்கினுடையது. முதல் கியரில் கிளச்சை விடும்போது மட்டும் வருவது கிளச் பிளேட்டினுடையது. இவ்விரண்டும் வேறு வேலை. இங்கு விரிக்க வேண்டியதில்லை.

செயினும் ஹப் ரப்பரும்

இழுவையில் மட்டும் வரும் அதிர்வுக்குச் செயின்தான் முதல் சந்தேகம். கீழ்ச்செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளி ஆட்டத்தை அளப்பது எல்லோருக்கும் தெரியும்; ஓரிடத்தில் மட்டும் அளந்து நிறுத்திவிடுவதுதான் குறை. சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சுழற்றி ஏழெட்டு இடங்களில் அளக்க வேண்டும். ஓரிடத்தில் தொய்வாகவும் இன்னோரிடத்தில் விறைப்பாகவும் இருந்தால் செயின் சீரற்று நீண்டுவிட்டது என்று பொருள். விறைப்பான பகுதி பின் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும் ஒவ்வொரு முறையும் பின்சக்கரம் இழுபடும். செயின் முழுச்சுற்று வருவதற்குள் சக்கரம் இரண்டு, மூன்று முறை சுழன்றுவிடுவதால், இந்த இழுப்பு சக்கரக் கோளாற்றைவிட மெதுவான தாளத்தில் வரும். அத்தகைய செயினை எப்படி இறுக்கினாலும் சரியாகாது. தொய்வான இடத்தைப் பார்த்து இறுக்கினால் விறைப்பான இடம் கியர்பாக்ஸின் பேரிங்கைத் தின்றுவிடும். செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் ஒன்றாகவே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் ஓடும் புதுச் செயின் விரைவில் பழைய செயினைப் போலவே ஆகிவிடும்.

நல்ல செயினாக இருந்தால் பராமரிப்பே போதும். மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் துலக்கி, துணியால் துடைத்து, காய்ந்தபின் செயின் லூப்போ 90 கியர் ஆயிலோ உட்பக்கத்தில் விட்டு, மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். உள்ளே ரப்பர் வளையம் உள்ள செயினுக்குப் பெட்ரோல் ஆகாது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நனைந்த ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் எண்ணெய் விடுவது மிகையல்ல. செயினை இறுக்கியபின் சக்கரம் நேராக இருக்கிறதா என்பதை ஸ்விங் ஆர்மின் கோடுகளை மட்டும் நம்பாமல், பின் டயரின் இருபுறமும் ஒரு நூலை முன் டயர் வரை இழுத்துப் பிடித்துச் சரிபார்ப்பது மேல்.

ஹப் ரப்பரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஹப்புக்கும் நடுவில் இருக்கும் இந்த ரப்பர் துண்டுகள்தாம் என்ஜினின் ஒவ்வொரு வெடிப்பும் நேராகச் சக்கரத்தில் அடிக்காமல் தாங்குகின்றன. ஒற்றை சிலிண்டர் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு என்பதால் அடி பலமாக இருக்கும். ரப்பரும் விரைவில் நைந்துபோகும். சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் திருகினால் தாராளமாக ஆடக்கூடாது. ஆக்ஸிலேட்டரைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஒரு வெட்டு விழுந்தால் ரப்பர் போய்விட்டது என்றே கொள்ளலாம். விலை மலிவு, பின்சக்கரம் கழற்றும் நாளில் மாற்றிவிடுங்கள். பழைய டயர்த் துண்டை வெட்டி இடைவெளியில் செருகுவது நல்ல வழியல்ல. அது சமமாக அமராது.

என்ஜினைத் தாங்கும் போல்ட்டுகள்

நின்ற இடத்திலும் அதிர்ந்தால், என்ஜின் பவுண்டேஷன் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தளர்ந்த போல்ட்டைச் சுற்றி பெயிண்ட் உதிர்ந்து, மெல்லிய பழுப்புநிறத் துருப்பொடி வடிந்திருக்கும். இரும்பும் இரும்பும் உரசும்போது அது உண்டாகிறது. வழக்கமாகச் செய்வது, தளர்ந்த ஒன்றை மட்டும் பலங்கொண்ட மட்டும் முறுக்குவது. அப்படிச் செய்தால் என்ஜின் ஒரு பக்கம் இழுபட்டு, இறுக்கத்திலேயே சேஸி விறைத்து நின்று, அதிர்வு கூடினாலும் கூடும். குளிர்ந்த என்ஜினில் எல்லா போல்ட்டுகளையும் சற்றுத் தளர்த்தி, என்ஜினை அதன் இயல்பான இடத்தில் உட்காரவிட்டு, பிறகு கையேட்டில் உள்ள வரிசையிலும் அளவிலும், முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குவதே முறை. உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டுகளைக் கழற்றியிருந்தால் புதியவை போடுங்கள். சிலிண்டர் ஹெட்டைச் சேஸியுடன் இணைக்கும் பட்டை உள்ள வண்டிகளில் அதன் போல்ட்டையும் ரப்பர் புஷ்ஷையும் விட்டுவிடக் கூடாது. ஹேண்டில் பாருக்கு வரும் ரீங்காரத்தைக் கட்டுப்படுத்துவதில் அந்தச் சிறு பட்டைக்குப் பெரும் பங்கு உண்டு. இதே சமயத்தில் போல்ட் துளைகளைச் சுற்றிலும் வெல்டிங் ஓரங்களிலும் டார்ச் அடித்து விரிசல் தேடுங்கள். முடியிழைபோல் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

சைலன்சரைத் தாங்கும் ரப்பரும், ஃபுட்ரெஸ்ட்டின் ரப்பரும், பெட்ரோல் டேங்கின் அடியில் உள்ள ரப்பரும் டெல்டாவின் வெயிலில் சில ஆண்டுகளில் கட்டையாகிவிடுகின்றன. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத ரப்பர் அதிர்வைத் தாங்காது.

அதற்கடுத்து, வண்டி வாங்கியபின் நாம் சேர்த்தவை. கிராஷ் கார்டு, பக்கப் பைகளைத் தாங்கும் கம்பிகள், உயரமான விண்ட் ஷீல்டு, முதுகுத் தாங்கி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய அதிர்வெண் ஒன்று உண்டு. என்ஜினின் வேகம் அதைத் தொடும்போது அந்தக் கம்பி மீட்டிய தம்புராத் தந்திபோல் தானும் ஒலித்து, சேஸி முழுவதையும் ஆட்டுகிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதிர்வு மறைந்துவிட்டால், ஒவ்வொன்றாக மாட்டி, எதை மாட்டும்போது திரும்புகிறது என்று கண்டுபிடிக்கலாம். குற்றவாளி அகப்பட்டபின் அதன் பிடிப்புக்கு நடுவில் கனமான ரப்பர் வாஷர் வைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

சீராக எரியாத என்ஜின்

அறுவடை இயந்திரம் ஓடும் வயலோரம் தினமும் சென்றுவரும் வண்டியின் ஏர் ஃபில்டரை, கையேடு சொல்லும் கி.மீ. வரை காத்திராமல் திறந்து பாருங்கள். நெல் சுணையும் வைக்கோல் தூசும் அதை அடைத்துவிட்டால் காற்றுக் குறைந்து, எரிதல் சீர்குலைந்து, குறைந்த வேகத்தில் வண்டி உதறும். ஸ்பார்க் பிளக்கின் முனை கரிந்திருப்பதும், இடைவெளி தேய்ந்து அகன்றிருப்பதும் இதே விளைவைத் தரும். ஐடில் வேகம் மிகத் தாழ்ந்திருந்தால் சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியில் முகம் தெரியாத அளவுக்கு வண்டி ஆடும். பெரும்பாலான 350 சி.சி. வண்டிகள் 1,000 சுற்றை ஒட்டிய ஐடிலில் அமைதியாக நிற்கும். கார்புரேட்டர் வண்டியில் இதைத் திருகில் சரிசெய்யலாம். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்வதிலிருந்து தொடங்க வேண்டும். வால்வை இயக்கும் டாப்பெட்டின் இடைவெளி பார்க்கும் வசதியுள்ள என்ஜினில் அதையும் பார்த்துவிடுங்கள். தண்டர்பேர்டின் பழைய 350 என்ஜினில் ஹைட்ராலிக் டாப்பெட் என்பதால் அந்த வேலை கிடையாது.

எஞ்சிய அதிர்வும் ஓட்டும் விதமும்

இவ்வளவும் சரிசெய்த பிறகு எஞ்சுவது அந்த என்ஜினின் இயல்பு. அதைக் கைக்கு வராமல் தடுப்பதற்கு இப்போதுதான் ஹேண்டில் பாரின் முனை எடைகள் உதவும். அவை அதிர்வை விழுங்குவதில்லை; பாரின் அதிர்வெண்ணைத் தாழ்த்தி, நாம் வழக்கமாக ஓட்டும் வேகத்திலிருந்து அதை விலக்கிவைக்கின்றன. ஆகவே ஒரு வண்டிக்குப் பொருந்திய எடை இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம்; மாற்றிப் பார்க்கும் வசதி உள்ள கடையில் வாங்குங்கள். பாருக்குள் ஆற்றுமணலை நிரப்புவதும் வேலை செய்யும் என்றாலும், மணலின் ஈரம் உள்ளிருந்து துருப்பிடிக்கச் செய்யும் என்பதால் நான் பரிந்துரைக்கமாட்டேன். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு கைக்குள் கூடுதலாக ஏறும். தளர்வாகப் பிடிப்பதும், உள்ளங்கையில் மெத்தை வைத்த கையுறை அணிவதும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி விரல்களை நீட்டி மடக்குவதும் அவசியம். இது வெறும் சொகுசுக்காகச் சொல்வதல்ல. அதிரும் கருவிகளைப் பிடித்து வேலை செய்வோருக்கு விரல் வெளுத்து உணர்விழக்கும் நோய் வருவதால்தான், ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் எட்டு மணி நேர வேலைக்கு 2.5 மீ/நொடி² அளவில் நடவடிக்கை தொடங்க வேண்டும், 5 மீ/நொடி² அளவைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. இறங்கி வெகுநேரம் ஆகியும் விரல் மரத்தே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கைப்பேசியை நேராக ஹேண்டில் பாரில் மாட்டுபவர்களுக்கும் ஒரு சொல். அதிக ஆற்றலுள்ள மோட்டார் சைக்கிள் என்ஜினின் அதிர்வு கேமராவின் ஆடாநிலை அமைப்பைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. அதிர்வு தாங்கும் ரப்பர் உள்ள பிடிப்பானைப் பயன்படுத்துங்கள், அல்லது சட்டைப்பையில் வையுங்கள்.

ஓட்டும் விதத்திலும் குறைக்கலாம். டாப் கியரில் 35, 40 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துகொண்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் எந்தப் பெரிய ஒற்றை சிலிண்டரும் உதறும். அறுவடை முடிந்த வயல்களுக்குச் சாலையைக் கடந்து போகும் வாத்துக் கூட்டத்துக்காகவும் மாட்டுக்காகவும் வேகம் குறைக்கும்போது கியரையும் குறைக்கப் பழகுங்கள். அதிக வேகத்தில், பிஸ்டனின் விசை சுற்றுவேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், சிறிய வேகக் குறைப்பும் பெரிய ஆறுதல் தரும். 90-இல் சகிக்க முடியாத வண்டி 80-இல் அமைதியாவது அதனால்தான். பேலன்ஸர் இல்லாத பழைய வண்டிக்கு முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டுவது இன்னொரு வழி. 17 பல்லை 18 ஆக்கினால் அதே சாலை வேகத்தில் என்ஜின் சுற்று ஏறத்தாழ 5.5 விழுக்காடு குறையும். அதிர்வு விசை 11 விழுக்காடு வரை குறையும். இழுவையும் சுற்று குறைந்த அளவுக்கே, ஏறத்தாழ 5.5 விழுக்காடு, குறையும். மலையூர்க்காரருக்கு இது பொருந்தாது. திருவையாறு முதல் வேதாரண்யம் வரை ஏற்றம் என்று சொல்ல ஆற்றுப் பாலங்களைத் தவிர வேறொன்றும் இல்லாத நம் சமவெளியில், தனியாகவோ இலேசான சுமையுடனோ செல்பவருக்கு இது தாராளமாகப் பொருந்தும். மூடிக்குள் செயின் உரசாமல் இடம் இருக்கிறதா, வாரண்டி பாதிக்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது என்ஜினைத் திறக்க வேண்டும்

மேலே சொன்ன அனைத்தும் சரியாக இருந்து, சில நாட்களுக்குள் திடீரென அதிர்வு கூடி, அதனுடன் அடிவயிற்றிலிருந்து வருவதுபோன்ற தட்டல் ஓசையும் கேட்டால், கனெக்டிங் ராடின் பேரிங்கோ க்ராங்கின் பேரிங்கோ தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. என்ஜின் ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். ஆயிலை வடிக்கத் திறக்கும் ட்ரெயின் போல்ட்டின் காந்தத்தில் மாவுபோல் ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். செதிலாக மின்னும் துண்டுகள் இருந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

என்ஜினைப் பிரித்து வேலை பார்த்து வந்தபின் அதிர்வு முன்பைவிடக் கூடியிருந்தால், பட்டறையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பேலன்ஸர் உள்ள என்ஜினாக இருந்தால், அதன் கியரின் டைமிங் குறி க்ராங்கின் குறியுடன் பொருத்தப்பட்டதா? ஒரு பல் தவறினாலும் அதிர்வைத் தணிக்க வேண்டிய எடை அதைக் கூட்டத் தொடங்கும். க்ராங்க் பின் மாற்றியிருந்தால், லேத்தில் ஏற்றி இரு பக்கமும் டயல் கேஜ் வைத்து நேர் பார்த்தார்களா? கடைசியாக, போட்ட பிஸ்டன் பழையதன் எடைக்கு ஒத்ததா? எதிர் எடை பழைய பிஸ்டனுக்காக அமைக்கப்பட்டது. வெளிச்சந்தைப் பிஸ்டன் கனமாக இருந்தால் அந்தக் கணக்குப் பிழைத்துவிடும். அதனால் என்ஜின் பிரிக்கும் நாளிலேயே உடனிருந்து, பழைய பிஸ்டனையும் புதியதையும் மின்னணுத் தராசில் அடுத்தடுத்து வைத்து எடை பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி திரும்பி வந்து முதல் 500 கி.மீ. ஓடியதும் பவுண்டேஷன் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.